இனுலுவாபிக் வரைந்த வரைபடம்: மகள் கேட்டதற்கு என்ன சொல்வது?

டீநதிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. கணவருக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் இந்த ஊருக்கும் கடலுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் மீன்பிடிப் படகு, கலங்கரை விளக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் நூலகத்தில் தேடி, ஆர்க்டிக் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களில் ஓர் இளைஞரைக் கண்டுபிடித்தாள். பெயர் இனுலுவாபிக். 1839 நவம்பரில் வில்லியம் பென்னி என்ற திமிங்கலக் கப்பல் தலைவர் அவரை 'நெப்டியூன்' கப்பலில் இங்கே அழைத்து வந்திருக்கிறார். அவர் தன் கயாக்கை (ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டுப் போகும் சிறு படகு) எடுத்துக்கொண்டு எங்கள் டீ நதியில் ஊர்க்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினாராம். உடனே நுரையீரல் வீக்கம் வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். பிழைத்து எழுந்து, தன் ஊர் வளைகுடாவின் வரைபடத்தை வரைய உதவி, அடுத்த ஆண்டே பென்னியைக் கப்பலோடு அங்கே கூட்டிப்போனார். பின்னாலேயே மற்றக் கப்பல்களும் போயின. கப்பல்களோடு நோய்களும் போயின.

இவ்வளவையும் அவளே படித்து எழுதிவிட்டாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, அவர் அந்த மேப்பைப் போட்டுக் கொடுக்காம இருந்திருந்தா அவங்க ஊர்ல அத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்கதானே? அப்போ அது அவரோட தப்பா?"

"முதல்ல சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்கு அப்போது இருபது வயதுகூட இருந்திருக்காது போல. வேறு நாட்டுக்கு வந்து, குளிரில் நோய்ப்பட்டு, யாரோ கேட்டார்கள் என்று ஊருக்கு வழி சொன்னவன். அவன் மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. அதற்காக மகளிடம் பொய் சொல்லவும் முடியாது. திங்கள்கிழமை கொடுக்க வேண்டும். கடல், கப்பல், வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

---

கப்பல்காரர் (தூத்துக்குடி) எழுதியது:

அம்மா, உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. நான் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் இருந்தவன். ஆர்க்டிக்குக்குப் போனதில்லை. ஒருமுறை பிப்ரவரி மாதத்தில் கனடாவின் பே-கோமோ துறைமுகத்தில் கோதுமை ஏற்றப் போனோம். செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்தில் பனிப்பாளம் கப்பல் வயிற்றை உரசிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேபினில் படுத்தபடி கேட்டேன். எஃகுக் கப்பல், எஞ்சின், ரேடியோ, பனியுடைக்கும் கப்பல் துணை எல்லாம் இருந்தும் அடிவயிறு கலங்கியது. மரக்கப்பலில் பாய் விரித்துப் போனவர்களை அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இனுலுவாபிக் வரைபடம் தந்ததால்தான் வெள்ளைக்காரக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது என்பது சரியில்லை. கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள டேவிஸ் நீரிணையில் திமிங்கலக் கப்பல்கள் அவர் பிறப்பதற்கு வெகு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. அவர் பிறந்தது கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் கம்பர்லண்ட் வளைகுடாவில், கெமிசுக் என்ற தீவில். பிறகுதான் குடும்பம் பாஃபின் தீவின் கிழக்குக் கரையோடு வடக்கே நகர்ந்தது. அந்தக் கரையில்தான் கப்பல்கள் வரும். இரும்புக் கத்தி, ஊசி, மரம் கிடைக்கும். கப்பலைத் தேடி ஒரு குடும்பமே இடம் பெயர்ந்திருக்கிறது, பாருங்கள். பென்னியைச் சந்திக்கும் முன்பே கப்பலேறிச் சீமை பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. தாய் கெஞ்சித் தடுத்ததால் நின்றுபோனது. 1839-ல் அந்தத் தடையையும் மீறித்தான் ஏறினார். யாரோ பிடித்துக்கொண்டு போன பிள்ளை அல்ல அவர்.

இரண்டாவது, பென்னிக்கு ஏன் அந்த வழி அவ்வளவு தேவைப்பட்டது? பழைய இடங்களில் திமிங்கலம் அருகிவிட்டது. 1830-ல் ஒரே பருவத்தில் மெல்வில் விரிகுடாவில் 19 பிரிட்டிஷ் கப்பல்களைப் பனி நசுக்கியது. 1836-ல் உங்கள் நதியின் பெயரையே தாங்கிய 'டீ' என்ற அபர்டீன் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க மிதந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயால். ஈறு அழுகி, பழைய காயங்களெல்லாம் மறுபடி வாய் திறந்து வரும் சாவு அது. பென்னி பீட்டர்ஹெட்டில் பிறந்து சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். பனியில்லாத, திமிங்கலம் உள்ள, குளிர்காலத்தில் தங்கக்கூடிய ஒரு வளைகுடா இருக்கிறது என்று இனுயிட் மக்கள் சொல்லக் கேட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். 1585-லேயே ஜான் டேவிஸ் அதற்குள் போயிருக்கிறார். ஆனால் இங்கிலாந்து அதை மறந்துவிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் அதை டெனூடியாக்பீக் என்றார்கள்; கப்பல் மருத்துவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த உச்சரிப்பு அது. மறந்தவர்களுக்கு வழி தெரிந்தவன் ஒருவன் வேண்டியிருந்தது. அவனுக்கு வீட்டுக்குப் போக ஒரு கப்பல் வேண்டியிருந்தது. நான் இதை அப்படித்தான் பார்க்கிறேன்.

பென்னி கடற்படையிடம் ஆய்வுப் பயணத்துக்கு உதவி கேட்டார். அவர்கள் கப்பல் தரவில்லை. இனுலுவாபிக்கின் செலவுக்கென்று 20 பவுண்டு அனுப்பினார்கள். 1840 ஏப்ரலில் 'பான் அக்கார்ட்' கப்பலில் புறப்பட்டு, அந்தக் கோடையிலேயே வளைகுடாவுக்குள் நுழைந்தார்கள். இனுலுவாபிக் அங்கேயே இறங்கித் தன் சனத்தோடு இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொண்டார், மகன் பிறந்தான், கப்பல் வரும்போதெல்லாம் பலீன் விற்றார். போஹெட் திமிங்கலத்தின் மேல்தாடையில் சீப்புப் பல் போல வரிசையாகத் தொங்கும் தகடுதான் பலீன். மூன்று நான்கு மீட்டர் நீளம்கூட இருக்கும். வளைத்தால் உடையாது. பிளாஸ்டிக் இல்லாத காலத்தில் ஐரோப்பியப் பெண்களின் இடுப்புக் கச்சைக்கும் குடைக் கம்பிக்கும் அதுதான். 1847-ல் காசநோயில் இறந்தார். முப்பதைத் தொடவில்லை.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. 'பான் அக்கார்ட்' கப்பலின் மருத்துவர் அலெக்சாண்டர் மெக்டொனால்ட் என்ற இளைஞர். இனுலுவாபிக்கின் கதையை 1841-ல் புத்தகமாக அச்சிட்டவர் அவர்தான். நான்கு ஆண்டுகள் கழித்து அவரே, ஆர்க்டிக் வழியாக ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் போன ஃபிராங்க்ளின் பயணத்தில் 'டெரர்' கப்பலின் உதவி மருத்துவராகப் போனார். அந்தப் பயணத்தில் போன யாரும் திரும்பவில்லை. இனுலுவாபிக்குக்கு ஒரு தங்கை, டுகுலிட்டோ. கணவர் இபியர்பிங். இருவரையும் ஒரு திமிங்கல வணிகர் 1853-ல் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். விக்டோரியா ராணியைச் சந்தித்தார்கள். டுகுலிட்டோ நன்றாக ஆங்கிலம் பேசுவார். 1860-ல் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் ஃபிராங்க்ளின் ஆட்களைத் தேடி வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளரானார். 1869-ல் கிங் வில்லியம் தீவு வரைக்கும் கூடவே போனார். அங்கே பசியில் விழுந்து செத்த வெள்ளையர்களைப் பற்றி இனுயிட் மக்கள் சொன்ன சாட்சியங்கள் டுகுலிட்டோவின் வாய்வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வந்தன. அண்ணன் கதையை மெக்டொனால்ட் எழுதினார். மெக்டொனால்டும் அவர் கூட்டாளிகளும் அழிந்த கதையை அந்தத் தங்கை கேட்டுச் சொன்னார். இதை முதன்முதலில் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.

டுகுலிட்டோவின் பிள்ளைகள் யாரும் தங்கவில்லை. அவர் 1876 டிசம்பர் 31 அன்று கனெக்டிகட் மாநிலம் குரோட்டனில் இறந்தார். வயது 38. கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. அண்ணனும் தங்கையும் அறிந்தே போனார்கள், அறிந்தே உதவினார்கள். எந்தக் கிருமி யார் மூச்சில் வருகிறது என்று அந்தக் காலத்தில் அபர்டீன் டாக்டர்களுக்கே தெரியாது. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-ல். உங்கள் மகளுக்கு இந்த ஒரு ஆண்டைச் சொல்லுங்கள். 1840-ல் வரைபடம், 1882-ல் கிருமி.

---

விடியல் எழுதியது:

கப்பல்காரர் ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "அறிந்தே போனார்கள்" என்பதோடு நிறுத்தினால் அந்தச் சிறுமிக்குப் பாதிக் கதைதான் போகும். நான் மானுடவியல் படிக்கும் மாணவி. ஆய்வுக்காக இதே காலத்தைப் படிக்கிறேன்.

1847-ல், அதாவது இனுலுவாபிக் இறந்த அதே ஆண்டில், 'ட்ரூலவ்' கப்பலின் தலைவர் பார்க்கர் அதே வளைகுடாவிலிருந்து மெமியாட்லுக், உக்கலுக் என்ற இளம் தம்பதியை ஹல் நகரத்துக்குக் கொண்டுபோனார். பையனுக்குப் பதினேழு, பெண்ணுக்குப் பதினைந்து வயது. அவர்கள் மக்கள் பட்டினியில் இருப்பதைக் காட்டி உதவி கேட்பதுதான் நோக்கம் என்றார்கள். ஊர் ஊராக மேடையேற்றிக் காட்டினார்கள். முகத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசி அச்சு எடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் அந்தப் பெண் தட்டம்மையில் கடலிலேயே இறந்துபோனாள்.

இன்னொன்று. ஹட்சன் விரிகுடாவின் வடக்கே சவுத்ஹாம்ப்டன் தீவில் சால்லிர்மியுட் என்ற மக்கள் இருந்தார்கள். கல் ஆயுதம், தனிப் பேச்சு, மற்ற இனுயிட்களோடு அதிகம் கலக்காத வாழ்க்கை. டண்டி நகர வணிகர் ஒருவர் 1899-ல் அந்தத் தீவில் திமிங்கல நிலையம் வைத்தார். 1902-ல் 'ஆக்டிவ்' கப்பல் வந்துபோனது; அதிலிருந்த ஒருவருக்கு வயிற்று நோய். அந்தக் குளிர்காலத்துக்குள் ஊரே போய்விட்டது. மிஞ்சியவர்கள் ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும். மேற்கே ஹெர்ஷல் தீவில் 1890 முதல் அமெரிக்கக் கப்பல்கள் குளிர்காலம் தங்கின. 1900-லும் 1902-லும் தட்டம்மை. அங்கிருந்த இனுவியாலுயிட் மக்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை.

எனவே தப்பு யாருடையது என்று குழந்தை கேட்டால், இனுலுவாபிக்கின் தப்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். லாபத்துக்காக வந்தவர்கள் இருந்தார்கள். ஊர்கள் காலியாவதைக் கண்ணால் பார்த்த பிறகும் அடுத்த வருடமும் வந்தார்கள். கிருமி தெரியாது, சரி. சாவு தெரியும் அல்லவா?

---

கப்பல்காரர் (தூத்துக்குடி) எழுதியது:

மகளே, நீ சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். "சாவு தெரியும் அல்லவா" என்ற இடத்தில் எனக்குப் பதில் இல்லை. கப்பல்காரன் என்பதால் நான் கப்பல்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதியிருக்கிறேன். அதை இப்போது வாசிக்கும்போது எனக்கே தெரிகிறது. உக்கலுக் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும்.

---

பனிக்கால நேர்ஸ் (ரொறன்ரோ) எழுதியது:

தங்கச்சி, ரெண்டு நாளா இந்த இழையை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். நான் நேர்ஸ். இங்க இருந்து ஒப்பந்தத்தில வடக்க போய் வேலை செய்யிற நேர்ஸ்மார் கனபேர். நானும் போய் பங்னிர்டங்கில பதினாலு மாசம் இருந்தனான். உங்கட மகள் எழுதுற அதே கம்பர்லண்ட் வளைகுடாக் கரைதான். ஆக்கள் சுருக்கமா "பாங்" எண்டு சொல்லுவினம்.

போன புதுசில கிழமை நாளுகளின்ர பேரைப் படிச்சனான். சனிக்கிழமைக்குச் சிவதார்விக் எண்டு பேர். ஏன் எண்டு கிளினிக்கில மொழிபெயர்க்கிற பிள்ளையைக் கேட்டன். சிவதாக் எண்டால் பிஸ்கற். பிஸ்கற் கிடைக்கிற நாள் சிவதார்விக். கப்பல்காரர் குடுத்த கல்லு மாதிரி இறுகின பிஸ்கற். பிறகு வாசிச்சுப் பார்த்தால், 1883இல பிரான்ஸ் போவாஸ் எண்ட ஜேர்மன்காரர் அந்த வளைகுடாவில திமிங்கல நிலையம் இருந்த கெக்கெர்ட்டன் தீவில தங்கியிருந்து அதை எழுதியே வச்சிருக்கிறார். சனிக்கிழமை கொம்பு ஊதுவினமாம். பெண்டுகள் நிலையத்துக்கு வந்து பிஸ்கற், கோப்பி, பாணி, புகையிலை வாங்கிக்கொண்டு போவினமாம். பதிலுக்கு ஆம்பிளையள் பிடிக்கிற ஒவ்வொரு சீலிலயும் நிலையத்துக்கு ஒரு பங்கு. கப்பல் போய் நூறு வருசத்துக்கு மேல. கொம்பு ஊத இப்ப ஒருத்தரும் இல்லை. ஆனா சனிக்கிழமையின்ர பேர் இன்னும் அதுதான். எனக்கு அதை யோசிக்க யோசிக்க நெஞ்சுக்க என்னவோ செய்யும்.

கோடையில ஒருநாள் வள்ளத்தில கெக்கெர்ட்டனுக்குப் போனம். கொழுப்புக் காய்ச்சின பெரிய இரும்புச் சட்டிகள் துருப்பிடிச்சுக் கிடக்குது. திமிங்கல எலும்பு பாசி பிடிச்சுப் பச்சையா. பக்கத்திலயே புதைகுழியள். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர் தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டு, தன்ர பூட்டன் இங்க வள்ளத்தில ஹார்ப்பூன் எறியிற ஆள், ஸ்கொட்லாந்துக்காரருக்கு இங்க உயிரோட இருக்கப் பழக்கினதே தங்கட ஆக்கள்தான் எண்டு சொன்னார். கரிபூ தோல் உடுப்புத் தைச்சது ஆர்? தங்கட பெண்டுகள். பச்சை இறைச்சியும் மக்டாக்கும் குடுத்து ஸ்கர்வி வராமப் பாத்தது ஆர்? தாங்கள். மக்டாக் எண்டால் திமிங்கலத்தின்ர தோலும் கொழுப்பும், அதில விற்றமின் சி இருக்கு. 1851இல அமெரிக்கக் கப்பல்காரர் பன்னிரண்டு பேர் முதல் தடவையா அந்த வளைகுடாவில குளிர்காலம் தங்கினதும் இந்தச் சாப்பாட்டிலதான். பெரியவர் அதைப் பெருமையாத்தான் சொன்னவர். ஆரிலயும் பழி போட்டுக் கதைக்கேல்லை.

ஊரில கலியாணம், நத்தார் எண்டால் அக்கோடியன் வாசிச்சு ராராவா ஆடுவினம். அந்த ஆட்டமும் வாத்தியமும் திமிங்கலக்காரரிட்ட இருந்து வந்ததுதான். ஆனா வாசிக்கிற கிழவியைப் பாத்தால் அது எங்கையோ இருந்து வந்த சாமான் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். விடியல் பிள்ளை சொன்னது முழுக்க உண்மை. அதோட இதையும் மகளிட்டச் சொல்லுங்கோ.

நேர்ஸ் எண்ட முறையில இன்னொண்டும் சொல்லவேணும். காசநோய் திமிங்கலக்காரரோட முடிஞ்சு போகேல்லை. 1950இல இருந்து சி. டி. ஹோ எண்ட அரசாங்கக் கப்பல் ஒவ்வொரு கோடையும் வந்து, சனத்தை ஏத்தி எக்ஸ்ரே எடுத்து, நோய் இருக்கிறவையைத் திருப்பி இறக்காமலே தெற்க கொண்டு போகும். 1956 அளவில ஏழு இனுயிட்டுக்கு ஒருத்தர் தெற்கத்தைய சனற்றோரியத்தில, அதுதான் காசநோய் ஆஸ்பத்திரியில, இருந்தினம். கனபேர் திரும்பி வரேல்லை. எங்க புதைச்சது எண்டுகூட வீட்டுக்காரருக்குச் சொல்லேல்லை. என்னட்ட மருந்துக்கு வாற ஒரு அம்மா இருந்தவ. அவவின்ர தாய் ஏறின கப்பல் அது. குடாவுக்க கப்பல் வந்தால் யன்னல் திரையை இழுத்து மூடிப்போடுவா. நான் காரணம் கேட்டதில்லை, ஒருநாள் அவவே சொன்னவ. பிறகு அவவின்ர நாளில கப்பல் வந்தால் நானே எழும்பிப் போய்த் திரையை மூடுவன்.

மகளுக்குச் சந்தோசமான சேதியும் ஒண்டு. திமிங்கலம் குறைஞ்சுபோக, கம்பெனியள் 1910களில விட்டிட்டுப் போட்டுதுகள். பிறகு கனகாலம் இனுயிட் ஆக்களுக்கே போஹெட் பிடிக்க அனுமதி இல்லை. 1996இல ரிபல்ஸ் பே எண்ட வடக்கத்தைய ஊரில சட்டப்படி ஒண்டு பிடிச்சினம். 1998இல பங்னிர்டங்காரர் பிடிச்சினம். மக்டாக் ருசியைச் சின்ன வயசில கண்ட கிழடுகள் அண்டைக்குக் கண்ணீரோட சாப்பிட்டதாம். எனக்குச் சொன்னவவுக்கு அப்ப பதினெட்டு வயசு. முதல் துண்டு தனக்கில்லை, பாட்டிக்கு எண்டு ஓடிக் கொண்டுபோய்க் குடுத்தவவாம்.

---

விடியல் எழுதியது:

அக்கா, அந்தத் திரை. இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. நன்றி.

போஹெட் பற்றி அந்தத் தங்கைக்கு இதையும் சொல்லலாம். 2007-ல் அலாஸ்காவின் வடகோடியில் உள்ளூர் மக்கள் பிடித்த ஒரு திமிங்கலத்தின் உடம்பில் பழைய வெடி ஈட்டியின் துண்டு புதைந்திருந்தது. 1880-களை ஒட்டி அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் செய்த வகை. நூறு வருடத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே நீந்தியிருக்கிறது. இந்தத் திமிங்கலங்கள் இருநூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியவை. 'பான் அக்கார்ட்' கப்பல் வளைகுடாவுக்குள் நுழைந்த கோடையில் குட்டியாக இருந்த ஒன்று இன்றைக்கும் அங்கே உயிரோடு இருக்கலாம்.

---

டீநதிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு மூவர் எழுதியதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ரொறன்ரோ அக்கா எழுதியதை அவளுக்காக மெதுவாக, இரண்டு தடவை வாசித்தேன். திரையை மூடும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ப்ராஜெக்டுக்கு அவள் முதலில் வைத்திருந்த தலைப்பு "பென்னி கண்டுபிடித்த வளைகுடா". அதை அடித்துவிட்டு "பென்னியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர்" என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டியல் போட்டிருந்தாள், "நல்லது", "கெட்டது" என்று. பிஸ்கட்டை எதில் போடுவது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் இருந்த கோட்டை அழித்து எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் எழுதிவிட்டாள். 1840 வரைபடம், 1847-ல் இனுலுவாபிக்கும் உக்கலுக்கும், 1882 கிருமி, 1883 சனிக்கிழமைக் கொம்பு, 1902, 1950 கப்பல், 1998 பாட்டிக்குக் கொடுத்த துண்டு. உக்கலுக் பெயருக்குப் பக்கத்தில் "15 வயது" என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அவளைவிட மூன்று வயதுதான் மூத்தவள்.

இன்று காலை டீ நதிப் பாலத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றாள். நவம்பர் என்பதால் ஆற்றிலிருந்து வரும் காற்று முகத்தை அறுத்தது. பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அவள் கையுறையைக் கழற்றி, படிக்கட்டில் இறங்கி, ஆற்றுத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சிவந்துபோனது. "இதுலயாம்மா ஓட்டினார்?" என்றாள். ஆமாம் என்றேன்.